தேயிலை மலையில் ஒரு திருமணப் படம்

டிக்கோயாவை அடுத்த காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரைமேட்டிலே வார்லித் தேவாலயம் என வழங்கும் கற்கோயில் ஒன்று இருக்கின்றது. 1878 ஆம் ஆண்டில் தோட்டத் துரைமார் தமக்கெனக் கட்டிக்கொண்ட கோயில் அது. சுற்றிலும் அவர்தம் கல்லறைகள். கல்லறைகளைச் சுற்றித் தேயிலை. தேயிலைக்குக் கீழே நீர்ப்பரப்பு. மழை ஓய்ந்திருக்கும் மாதங்களில், வார இறுதி நாட்களில் அங்கே செல்பவர் மணக்கோலத்தில் நிற்கும் இளையோரைக் காணாது திரும்புதல் அரிது. அவர்களிற் பலர் அக்கோயிலில் மணம் முடிக்க வந்தவரல்லர். படம் பிடிக்க வந்தவர்கள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும், சில வேளைகளில் கடல் கடந்தும் வருகின்றார்கள். மேலைநாடுகளில் திராட்சைத் தோட்டங்களிலே திருமணம் நடத்திப் படம் எடுத்தல் ஒரு வழக்கமாகிவிட்டது. நம் நாட்டில் அத்தகைய திராட்சைத் தோட்டம் இல்லை. அதன் இடத்தைத் தேயிலை மலை பிடித்துக்கொண்டது. காசல்ரீயைச் சூழ்ந்த பழைய துரைமார் பங்களாக்கள் சில 2005 ஆம் ஆண்டு தொடக்கம் உல்லாச விடுதிகளாக மாறியபின் இவ்வழக்கத்துக்கு வசதியும் பெருகிற்று.

இலக்கியத்துக்கென நடக்கும் ஏட்டிலே கல்யாணப் படத்தைப் பற்றி எழுதுவானேன் என வாசகர் கேட்கலாம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சில காலத்துக்கு முன் நம்மிடம் படித்த இளைஞர் ஒருவர், இப்பொழுது ஒரு படப்பிடிப்பாளரிடம் உதவியாளராக இருப்பவர், தாம் பங்குகொண்டு உழைத்த ஆல்பம் ஒன்றை நம்முன் கொண்டுவந்து வைத்தார். “சேர், கதை கவிதைய எல்லாம் விமர்சனம் பண்றீங்களே, இதையும் பாத்துச் சொல்லுங்க” என்றார். அவர் லயத்திற் பிறந்தவர். தாய் இன்றும் கொழுந்து எடுக்கின்றார். அவர் கேட்டது பாராட்டை என்பதை நாம் அறிவோம். எனினும் கேட்ட கேள்வி நேர்மையானது. ஆதலின் நாமும் நேர்மையாகவே பார்த்தோம்.

முதலிற் சொல்ல வேண்டியது, படங்கள் நன்றாயிருந்தன. இதை மறைத்துப் பேசுதல் விமர்சனமாகாது. மாலை ஐந்து மணிக்கு மேல் மேற்கு மலைக்குப் பின்னாலிருந்து சாயும் வெளிச்சத்தைப் பிடித்திருந்த விதம், மூடுபனி ஒரு சரிவை மறைத்து மறு சரிவைத் திறந்துவிடும் கணத்துக்காகக் காத்திருந்த பொறுமை, வெள்ளை ஆடையின்மீது தேயிலையின் பச்சை நிறம் ஏறி முகத்தைச் சோகை பிடித்ததுபோல் ஆக்கிவிடாதபடி ஒளியைத் திருப்பிய சாதுரியம் ஆகிய யாவும் தேர்ந்த கைகளின் வேலை. மணமக்களும் ஒருவரையொருவர் விரும்பியவர்கள் என்பது முகத்திலே தெரிந்தது. அவர்கள்மீது நமக்கு யாதொரு கோபமும் இல்லை.

மூன்று படங்கள் நம்மை நிறுத்தின. ஒன்றிலே இருவரும் தேயிலைக் கடலின் நடுவே நிற்கின்றனர். பின்னால், வெகு தூரத்தில், சிவப்பும் மஞ்சளுமாய்ச் சில புள்ளிகள். வில்லையின் வாயை அகலத் திறந்து பின்னணியைக் கரைத்துவிடும் உத்தியால் அவை பூக்கள்போல் தோன்றுகின்றன. அவை பூக்களல்ல, படங்கு கட்டிக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள். “அவங்கள எடுத்துடலாம்னுதான் நெனச்சோம், கலர் நல்லா இருந்திச்சு, விட்டுட்டோம்” என்றார் நம் மாணவர். இரண்டாவது படத்திலே மணமகள் தலையிலே கயிறு மாட்டி முதுகிலே கூடை சுமந்து, மருதாணி விரலால் ஒரு கொழுந்தைக் கிள்ளிச் சிரிக்கின்றாள். மூன்றாவது பங்களா வாசற்படியில் எடுத்தது; மணமக்களின் தோளுக்கப்பால் வெள்ளைச் சட்டை அணிந்த முதியவர் ஒருவரின் கையும் தேநீர்த் தட்டும் மட்டும் தெரிகின்றன. முகம் சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

இரண்டாவது படத்தின் கூடை வெறுங்கூடை. அது தெரிந்துவிடுகின்றது. கனம் ஏறிய கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே தோலை மடித்து இழுக்கும். கழுத்து முன்னுக்குத் தள்ளும். பார்வை தானாகவே கீழ் நோக்கும். இந்த மணமகளின் கழுத்து நேராக நிற்கின்றது. முழுப்பேர் விழுவதற்குப் பல தோட்டங்களில் ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து கேட்கிறார்கள். குறைந்தால் அரைப்பேர். வேடம் புனைதல் கலைக்குப் புதிதன்று. நடிகன் வேடம் புனைகின்றான். ஆனால் நடிகன் தான் புனையும் வேடத்துக்குரியவனின் கனத்தைத் தன் உடம்பிலே ஏற்றிக்கொள்ள முயல்வான். இங்கே கூடை நகையைப்போல் அணியப்பட்டிருக்கின்றது. இது அறத்தின் குறை மட்டுமன்று, கலையின் குறையும்கூட. பொய்யான கழுத்து பொய்யான உவமையைப் போன்றது.

இனி அந்தப் பச்சையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இப்படங்கள் அனைத்தும் அதையே நம்பி நிற்கின்றன. தேயிலை மலையின் அழகை இயற்கை அழகு என எல்லோரும் சொல்கின்றனர். நம் பாடநூல்களும் சொல்கின்றன. தேயிலையை அதன் போக்கில் விட்டால் அது மரமாகும். இருபது முப்பது அடிக்கும் வளரும். இடுப்பளவில் சமனாக, கம்பளம் விரித்தாற்போல் அது நிற்பது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துக் கத்தி அதனை வெட்டுவதனாலும், ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கைகள் வந்து மட்டம் வைத்துக் கிள்ளுவதனாலுமே. ஒரு சுற்றுத் தவறினால் கம்பளம் கிழியும். இரண்டு மாதம் ஆள் இறங்காத மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மணமக்கள் நிற்க மாட்டார்கள். கவ்வாத்து வெட்டிய மலையையும் படப்பிடிப்பாளர்கள் தவிர்ப்பார்கள். அது எரிந்த காடுபோல் குச்சியாய் நிற்கும். ஆக, வில்லை தேடி அலையும் அந்த மென்மை நூற்றைம்பது ஆண்டாகக் கைகளால் நாள்தோறும் செய்யப்பட்டுவரும் ஒரு பொருள். மேசையை வியந்து தச்சனைக் காணாதிருத்தல் போன்றதே இது. அதிலும் ஒரு விந்தை: தை முதல் பங்குனி வரை வானம் தெளிந்து வரண்ட காற்று வீசும் காலமே இப்பக்கத்துத் தேயிலைக்கு மணமும் விலையும் மிகுந்த காலம். படப்பிடிப்புக்கும் அதுவே காலம். புள்ளிகளாய்த் தெரிந்த பெண்கள் அன்று அங்கே இருந்தது தற்செயலன்று.

இயற்கையெனப் படம் காட்டும் மற்றொன்று நீர். காசல்ரீ நீர்த்தேக்கம் மின்சாரத்துக்காகக் கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965 ஆம் ஆண்டிலே நிறைவு செய்யப்பட்டது. கோயிலிலும் எண்பத்தேழு ஆண்டு இளையது. கோயிலைக் கட்டியவர்கள் அந்த ஏரியைக் கண்டதில்லை. ஆனால் படத்திலே இரண்டும் ஆதிமுதல் ஒன்றாக இருந்தனபோல் இருக்கின்றன.

தமிழ் படித்தவர்களுக்கு இவ்விடத்திலே குறிஞ்சி நினைவுக்கு வராதிராது. மலையும் காதலும் நம் இலக்கியத்திலே பிரிக்கவொண்ணாதன. அப்படியானால் மலைச் சரிவிலே காதலரை நிறுத்திப் படம் எடுப்பவர் நம் மரபைத்தானே பின்பற்றுகிறார் என ஒரு நண்பர் நம்மிடம் வாதிட்டார். வாதம் கேட்க இனிது, ஆராய்ந்தால் நிற்காது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார், அவற்றோடு அமையவில்லை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் என்பவற்றோடு ‘செய்தி’ என ஒன்றையும் கருப்பொருளிலே வைத்தார். செய்தி என்பது அந்நிலத்து மக்களின் தொழில். தொழில் இல்லாத நிலம் திணையாகாது. குறிஞ்சித் தலைவி தினைப்புனத்துக்குச் சுற்றுலா வந்தவளல்லள். கிளி கடியும் வேலைக்கு வந்தவள். அந்த வேலை இருக்குமட்டும்தான் தலைவனைக் காணலாம். தினை கொய்துவிட்டால் வேலை முடியும். வேலை முடிந்தால் சந்திப்பும் முடியும். அத்துயரத்தின்மேல் எத்தனை பாட்டுக்கள் கட்டப்பட்டன! காதலுக்கு உழைப்பே காலமும் களமும் ஆயிற்று. நமது ஆல்பத்திலோ காதல் செய்பவர் ஒரு சாரார், வேலை செய்பவர் மறு சாரார். பின்னவர் முன்னவருக்கு வண்ணப் புள்ளி. இது திணை மரபன்று. திணையை உடைத்து, முதற்பொருளை மட்டும் வாடகைக்கு எடுத்தல்.

திருமணத்தையே பாடிய பழம்பாட்டும் நம்மிடம் உண்டு. அகநானூற்றின் 86 ஆம், 136 ஆம் பாடல்கள் சடங்கை விரிவாகக் காட்டுவன. முன்னையதிலே பந்தரின்கீழ் மணல் பரப்பியிருக்கின்றது, விளக்கு எரிகின்றது, உழுந்து சேர்த்துச் சமைத்த சோறு வந்தோருக்கு நிறைய இருக்கின்றது, முதிய பெண்கள் தலையிலே குடம் சுமந்து நிற்கின்றனர், மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். மணமகன் மணமகள் இருவர் மட்டுமே வெளியில் நிற்கும் காட்சி அதிலே இல்லை. ஊர் இருக்கின்றது. அதன்பின்னரே இருவரின் தனிமை வருகின்றது. நமது ஆல்பத்தைத் திருப்பிப் பார்த்தால் தொண்ணூறு படங்களிலே பெற்றோர் வருவது நான்கில்.

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? கைப்பேசியிலிருந்து வந்தது என்று சொல்லி விட்டுவிடலாம். அதனினும் பழைய ஊற்று ஒன்று, வியப்பூட்டும் வகையிலே, நமது பள்ளத்தாக்கிலேயே இருக்கின்றது. ஜூலியா மார்கிரட் கமரன் என்னும் ஆங்கில மாது, ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராக உலகம் மதிப்பவர், 1879 ஆம் ஆண்டு ஜனவரி 26 இல் இங்குள்ள கிளென்கெயார்ன் தோட்டத்திலே இறந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளவிலே அவர் கல்லறை இருக்கின்றது. நம் மாணவர்கள் பேருந்திலே அதனைக் கடந்து போகின்றனர். ஒளிப்படம் கற்க விழையும் இளைஞருக்கும் அது தெரிவதில்லை.

கல்கத்தாவிலே 1815 இல் பிறந்த இவருக்கு நாற்பத்தெட்டாம் வயதிலே மகள் ஒரு கமராவைப் பரிசளித்தார். அதன்பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுள் தெனிசன், டார்வின், கார்லைல், ஹெர்ஷல் முதலியோரை அவர் எடுத்த படங்கள் இன்றும் அவ்வறிஞரின் முகங்களாக நிலைக்கின்றன. காதற் காட்சிகளை வேடமிட்டு எடுப்பதிலும் வல்லவர். தெனிசன் பாடிய ஆர்தர் அரசன் கதைக்கு 1874–75 இலே படங்கள் செய்தார். வீட்டிலே படகொன்றை நிறுத்தி, மஸ்லின் துணியை நீராக விரித்து, உற்றாரையும் வேலைக்காரரையும் அரசரும் அரசியருமாக்கினார். இன்றைய கல்யாணப் படப்பிடிப்பாளர் நீர்த்தேக்கத்தின் கரையிலே செய்வதை அவர் தம் கூடத்திலேயே செய்துவிட்டார் எனலாம். அவருடைய வேலைக்காரி மேரி ஹில்லியர் பல படங்களிலே தேவமாதாவாக அமர்ந்திருக்கின்றாள். உழைக்கும் பெண்ணின் முகத்திலே தெய்வத்தைக் கண்ட கண் அது. அதற்காக அவரை நாம் மதிக்கின்றோம்.

அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், இலங்கை வரலாறு படித்தோர் யாவரும் அறிந்த கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரன். இலங்கையிலே பெருங் கோப்பித் தோட்டங்களுக்கு உடையவர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்த காலத்திலே, 1875 இல், குடும்பம் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. இங்கு வந்தபின் அம்மையார் எடுத்த படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலே நம்மவர் இருக்கின்றனர். தோட்டத்து ஆட்களும் களுத்துறைப் பக்கத்து எளியோரும் நேராகக் கமராவைப் பார்த்து நிற்கின்றனர். அக்காலத்து வணிகப் படக்காரர் ‘கூலிகள்’ என்று வரிசையில் நிறுத்தி எடுத்து விற்ற படங்களோடு ஒப்பிட்டால் இவற்றின் கண்ணியம் விளங்கும். ஆனால் ஒன்று. இங்கிலாந்திலே எடுத்த வேலைக்காரிக்குப் பெயர் இருக்கின்றது. இங்கே எடுத்தவர்களுக்குப் பெயரில்லை. ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்பதுபோலத் தலைப்பு மட்டும்.

அகத்திணைப் பாட்டிலும் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்பதே விதி. ஆனால் அங்கே தலைவனுக்கும் பெயரில்லை, தோழிக்கும் பெயரில்லை. யாவருக்கும் ஒரே நீதி. ஒரு பக்கத்துக்குப் பெயரும் மறுபக்கத்துக்கு இனமும் என்பது அக மரபன்று, ஆட்சி மரபு.

அவரைக் களுத்துறையிலே சந்தித்த ஓவியர் மரியான் நோர்த் தம் நினைவுக் குறிப்புகளிலே ஒரு செய்தியைச் சொல்லியிருக்கின்றார். ஓர் ஆளின் முதுகு மிக அழகாயிருந்தது கண்ட கமரன் அம்மையார், அவனைத் தோட்டக்காரனாக வேலைக்கு வைத்துக்கொள்ளுமாறு மகனை வற்புறுத்தினாராம். அவர்களுக்கோ தோட்டமே இல்லை. அவனுக்கோ தோட்டக்காரன் என்பதன் பொருளே தெரியாது. நோர்த் இதனை நகைச்சுவையாகவே எழுதியிருக்கின்றார். நாமும் முதலிற் சிரித்தோம். பிறகு நம் மாணவர் சொன்ன “கலர் நல்லா இருந்திச்சு, விட்டுட்டோம்” நினைவுக்கு வந்தது. முதுகு அழகாயிருந்ததனால் வைத்துக்கொள்ளப்பட்டவனுக்கும் சேலை நிறம் அழகாயிருந்ததனால் விடப்பட்டவளுக்கும் இடையே ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு. அம்மையாராவது அவனுக்குச் சம்பளம் கொடுத்தார்.

இங்கே வெளிநாட்டுச் செய்தியொன்றையும் கருத வேண்டும். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே, முன்பு அடிமைகளை வைத்து நடத்திய பண்ணை மாளிகைகளிலே திருமணம் செய்தல் நெடுங்கால வழக்கம். வெள்ளைத் தூண்கள், பழைய மரங்கள், புல்வெளி. படத்துக்கு ஏற்ற இடம். கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைக்கும் ‘கலர் ஒஃப் சேஞ்ச்’ அமைப்பின் வேண்டுகோளினால் 2019 டிசெம்பரிலே பின்ரெஸ்ற் முதலிய பெரிய இணையத் தளங்கள் அத்தகைய இடங்களைக் காதல் மணக்க விளம்பரப்படுத்துவதைக் கட்டுப்படுத்த முன்வந்தன. அதுபோல் இங்கும் செய்யவேண்டும் என்று சில இளைஞர் பேசக் கேட்டோம். நாம் அவ்வாறு கருதவில்லை. அங்கே அடிமைகள் இறந்துபட்டனர். மாளிகை நினைவுச் சின்னமாகிவிட்டது. இங்கே சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் உயிரோடு இருக்கின்றார்கள். அடுத்த மலையிலே கொழுந்து எடுக்கின்றார்கள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டுமென்று ஆண்டுக்கணக்காகப் போராடி 2021 இலே அதனைப் பெற்று, 2024 இலே அதனை ஆயிரத்து முந்நூற்றைம்பது ஆக்கியவர்கள். படப்பிடிப்பை நிறுத்தினால் நம் மாணவர் போன்றோரின் பிழைப்புப் போகும். கூடையின் கனம் குறையாது. நிறுத்துதல் அன்று வேண்டுவது. யார் சட்டத்துக்குள் வருகின்றார், எவ்வாறு வருகின்றார் என்று கேட்பதே விமர்சகனின் வேலை.

கோகிலம் சுப்பையா 1964 இல் வெளியிட்ட மலையக நாவலுக்குத் ‘தூரத்துப் பச்சை’ எனப் பெயரிட்டார். பழமொழியின் பாதியைச் சொல்லி மீதியை வாசகரிடம் விட்ட பெயர். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலே பாடிய தேயிலைத் தோட்டக் கவிதையும், புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’யும் அந்தப் பச்சைக்குள் நுழைந்து பார்த்தவை. எழுத்து அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே செய்த வேலையைப் படக்கலை இன்னும் தொடங்கவில்லை என்றால், அதற்குக் காரணம் யாது? கமரா நம் கையில் இருக்கவில்லை என்பதே காரணம் என நினைக்கின்றோம். எழுதுகோல் மலிவு.

நம் மக்கள் வீட்டிலே இருந்த பழைய படங்கள் எவை? லயத்துக் காம்பராவின் சுவரிலே சாமி படங்களுக்குப் பக்கத்திலே தொங்குவனவற்றை எண்ணிப் பாருங்கள். அட்டன் கடைவீதி ஸ்ரூடியோவிலே, வரைந்த தூணும் வரைந்த பூங்காவும் பின்னால் நிற்க, கணவன் நாற்காலியில் அமர மனைவி நின்று எடுத்த ஒரு படம். அதற்கு அடுத்தபடி, பல வீடுகளிலே, குடும்பம் முழுவதும் விறைத்து நிற்கும் ஒரு சிறிய படம். அது ஆசைக்காக எடுத்ததன்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் மூன்று இலட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் எழுதிற்று. போகிறவர்க்குக் கடவுச்சீட்டு வேண்டும்; கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். 1948 இலே குடியுரிமை இழந்த மக்களை அரசாங்கங்கள் உற்றுப் பார்த்தது அந்தப் படத்தின் வழியாகத்தான். பிரிக்கப்பட்ட குடும்பங்களிலே, போனவரின் முகத்தை இங்கிருந்தவர் பார்த்ததும் அந்தப் படத்தின் ஒரு பிரதியில்தான். நம் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கின்றது. பாட்டியின் தங்கை குடும்பம். ஆறு பேர். யாரும் சிரிக்கவில்லை.

ஸ்ரூடியோப் படத்திலே நம்மவர் ஏன் தேயிலையைப் பின்னணியாகக் கேட்கவில்லை என்பது எண்ணத்தக்கது. கடையின் பின்வாசலைத் திறந்தால் தேயிலை. இருந்தும் சீலையிலே வரைந்த தூணையே தேர்ந்தார்கள். இதனை அடிமை மனம், துரைமோகம் என்று நம் நண்பர்கள் சிலர் எளிதாகத் தீர்ப்புச் சொல்வர். அட்டை கடித்த காலோடு ஆறு நாளும் நிற்கும் மலையிலே ஏழாம் நாளும் போய் நிற்க வேண்டும் என்று அவர்களைக் கேட்பதற்கு நமக்கு என்ன உரிமை? ஒரு நாளாயினும் மலை கண்ணிற் படாத இடத்திலே நிற்க விரும்பியது அழகுணர்ச்சி இன்மையாகாது. அதுவும் ஒரு விமர்சனமே.

மலையக மக்களுக்குக் காதலும் கல்யாணக் காட்சியும் தெரியாது, அவர்களுக்குத் தெரிந்தது துன்பம் மட்டுமே என்று எழுதுவதும் மற்றொரு பொய். முற்போக்கு எழுத்து இந்தப் பொய்யை அதிகம் சொல்லியிருக்கின்றது, நாமும் சொல்லியிருக்கின்றோம். மாசி மாதத்திலே தோட்டத்துக்குத் தோட்டம் காமன் கம்பம் ஊன்றுகின்றார்கள். மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்கின்றது. வேடம் புனைபவர் தோட்டத்து இளைஞரே; அதற்கென விரதம் இருக்கின்றார்கள். தப்பு முழங்க விடிய விடியக் கூத்து. சிவன் தவத்தைக் குலைக்கப்போன மதன் எரிந்து சாம்பலாவான், ரதி புலம்புவாள், கூடியிருக்கும் பெண்கள் உண்மையாகவே அழுவார்கள். பெரட்டுக்கு விடிகாலையிலே போக வேண்டியவர்கள் இரவு முழுவதும் ஒரு காதலின் சாவுக்காக விழித்திருக்கின்றார்கள். இதனினும் பெரிய காதற் கலை டிக்கோயாவிலே வேறு யாதுளது? வேடம், ஒப்பனை, விளக்கு வெளிச்சம் யாவும் இதிலும் உண்டு. ஆனால் இங்கே பின்னணி என்று யாரும் இல்லை. பார்ப்பவனும் விரதக்காரனுக்கு உறவு. நாம் கண்ட ஆல்பங்களிலே காமன் கூத்தின் வெளிச்சத்தைக் கற்றுக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லை. தீப்பந்தத்தின் முன்னே நின்ற ரதியின் முகத்தை நேரிற் கண்டவர்களே பகலிலே கமராவைத் தூக்கிக்கொண்டு மேலைநாட்டுத் திராட்சைத் தோட்டத்துப் படத்தைப் பார்த்துப் பிரதி செய்கின்றார்கள் என்பதை எண்ணும்போதுதான் நமக்கு வருத்தம் மிகுகின்றது.

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் சொன்னோம். இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. ஆசிரியப் பழக்கத்தால் சற்று நீளமாகத்தான் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சேர், கஸ்டமர் கேக்கறதத்தானே நாங்க எடுக்கணும்?” என்றார். அதற்கு நம்மிடம் உடனே விடை இருக்கவில்லை. ஆல்பத்தை மூடிப் பையில் வைத்தவர், சிறிது தயங்கி, கைப்பேசியிலே ஒரு படத்தைக் காட்டினார்.

நம்மிடம் படித்த பெண்ணொருத்தியின் திருமணம். கொழுந்து எடுப்பவரின் மகள். கல்யாணத்துக்கு மறுநாள், வேலை நாள். தாயோடு வேலை செய்பவர்களிற் சிலர் அரைப்பேருக்கும் அஞ்சிக் கல்யாணத்துக்கு வரவில்லையாம். ஆகவே மணமக்கள் பலகாரத் தட்டோடு கொழுந்து மடுவத்துக்குப் போயிருக்கின்றார்கள். நிறுவைக்கு வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இருவருக்கும் இரு பக்கத்திலும் நிற்கின்றனர். ஒருத்தியின் கையிலே கடித்த முறுக்கு. தராசு நடுவிலே தொங்குகின்றது. உச்சி வெயில், கண்களின்கீழ் கருநிழல் விழுந்து முகங்கள் தேவைக்கு மேல் கடுமையாகத் தெரிகின்றன. மணமகனின் தலைக்கு மேலே தகரக் கூரையின் விளிம்பு கோணலாக வெட்டுகின்றது. படம் என்ற வகையிலே ஆல்பத்தில் இருந்த எதற்கும் இது ஈடாகாது என்பதை அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் அதிலே கரைந்துபோனவர் எவருமில்லை. மடுவத்தின் கடைசித் தூண்வரை எல்லோரும் தெளிவாக இருக்கின்றனர்.

பெண்ணின் தாய் அதனைப் பெரிதாக்கிக் கேட்டிருக்கின்றார். பின்பக்கத்திலே எல்லோருடைய பெயரையும் எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டிருக்கின்றார். பேரப்பிள்ளைகளுக்கு யார் யாரென்று தெரிய வேண்டுமாம். “பதினோரு பேர், சேர். ரெண்டு பேருக்குப் பட்டப் பேருதான் தெரியும், செக்ரோல் பேரு தெரியாது. கேட்டு எழுதணும்” என்றார். எழுதியபின் நமக்கும் ஒரு பிரதி தருவதாகச் சொல்லிச் சென்றிருக்கின்றார்.